குதிரில் சேராத விதைகள்: ஒரு மலை நாற்றங்காலும் ஒரு சேற்று நாற்றங்காலும்

ஆனைமலையின் வால்பாறைப் பீடபூமியும் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரமும் ஒன்றைப் பார்த்தால் மற்றது நினைவுக்கு வரும் இடங்கள் அல்ல. முன்னது கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே, தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளின் ஊர். பின்னது வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலோடு ஒட்டிக் கிடக்கும் சேற்றுக்காடு. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. இங்கே வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் உப்பு தணிகிறது. அங்கே இருவாச்சி விதை சுமக்கிறது. இங்கே ஓதம் விதை சுமக்கிறது.

இரண்டு இடங்களிலும் சிதைந்த காட்டை மீட்கும் வேலை நெடுநாளாக நடக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் பணி பலர் அறிந்தது. பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் 1990களிலிருந்து செய்தது அதற்கும் மூத்தது. இரண்டின் வரலாற்றையும் இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை. இத்தகைய மீட்புப் பணிக்கு நாற்று தரும் நாற்றங்காலுக்குள் மட்டும் நுழைவோம். மழைக்காட்டு மரத்தின் நாற்றையும் அலையாத்திக் காட்டு மரத்தின் நாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதல் உறவை நமக்குச் சுட்டிக்காட்டியவர்கள் காட்டு ஆட்கள் அல்லர், விதை ஆய்வாளர்கள். 1973இல் ஆங்கிலேய ஆய்வாளர் ராபர்ட்ஸ் விதைகளை இரு வகுப்பாகப் பிரித்தார்: உலர்த்திக் குளிரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருப்பவை ஒரு வகுப்பு, உலர்த்தினாலே சாகிறவை மற்றொரு வகுப்பு. இரண்டாம் வகுப்பு ஏன் சாகிறது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்ரீஷியா பெர்ஜாக்கும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்தபோது, அவர்கள் மேசையில் அடிக்கடி இருந்தது வெண்கண்டலின் விதை. பிச்சாவரத்துச் சேற்றில் மிகுதியாக நிற்கும் அதே இனம். சுரபுன்னையும் அதே வகுப்பு. மலைக்குப் போனால் வெடிப்பலா, காட்டுச்சாதிக்காய் போன்ற பெருமரங்களின் கொழுத்த விதைகளும் அதே வகுப்பு. உப்புச் சேறும் மழைக்காட்டுத் தரையும் விதைக்குள்ளிருந்து பார்த்தால் ஒரே உலகம்தான். ஈரம் எப்போதும் இருக்கிறது. காத்திருக்கக் காரணம் இல்லை.

காத்திருக்காத விதைக்கு மண்ணில் சேமிப்பும் இல்லை. வறண்ட காட்டின் மண்ணைத் தோண்டி ஈரமாக்கினால் பழைய விதைகள் முளைத்து எழும். இந்த இரு காடுகளின் முதன்மை மரங்களுக்கு அப்படிப்பட்ட புதையல் கிடையாது. மழைக்காட்டில் விதை முளைத்து, இருளில் ஒரு சாண் உயரக் கன்றாக நின்று, மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழும் நாளை எதிர்பார்க்கிறது. அந்தக் காத்திருப்பு சில மரங்களுக்குப் பல ஆண்டுகள் நீளும். சுரபுன்னையோ இன்னும் ஒரு படி முந்தி, தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட பச்சைக் காயாக இறங்குகிறது. இரண்டும் விதைப்பருவத்தைச் சுருக்கி நாற்றுப்பருவத்தை நீட்டிக்கொண்ட மரங்கள்.

நாற்றங்கால் நடத்துபவருக்கு இதனால் வரும் சங்கடம் பெரிது. தேக்கு விதையைக் கோணியில் கட்டி வைக்கலாம். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோலத் தேவைப்படும்போது அள்ளலாம். வெடிப்பலா விதையையும் வெண்கண்டல் விதையையும் அப்படி வைக்க முடியாது. கிடைத்த சில நாட்களுக்குள் மண்ணில் இறங்கியாக வேண்டும். ஆகவே இவற்றுக்குப் பைகளில் நிற்கும் நாற்றுகளே கையிருப்பு. சரக்குத் தானே வளர்ந்துகொண்டிருக்கும் கிடங்கு இது. மலையிலும் சேற்றிலும் உள்ள நாற்றங்கால்களின் பெரும்பாலான தலைவலிகளுக்கு ஊற்று இங்கேதான் என்பது என் கணிப்பு.

விதிவிலக்குகள் இருபுறமும் உண்டு. அவையும் ஜோடியாகவே வருகின்றன. மலையில் கருங்குங்கிலியமும் உருத்திராட்சமும் கல்போன்ற ஓட்டுக்குள் கருவை அடைத்துவைத்து, விதைத்தவரின் பொறுமையை மாதக்கணக்கில் சோதிக்கும். முளைக்கவே முளைக்காது என்று பாத்தியைக் கொத்திவிட்டால் நட்டம் நமக்கு. சேற்றுப்பக்கம் தில்லை, காயிலேயே முளைக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளாமல், சாதாரண மரம்போலச் சிறு விதைகளைத் தெறிக்கிறது. ஒரே காட்டின் மரங்களுக்கு ஒரே நாட்காட்டி என்று நினைத்தவர்களை இவை திருத்தும்.

சேகரிப்பில் இரண்டும் பிரிகின்றன. சுரபுன்னையின் காய் முதிர்ந்ததா என்பதைக் கண்ணால் சொல்லிவிடலாம். மேலே உள்ள பழத்துக்கும் கீழே நீண்ட பச்சைத் தண்டுக்கும் இடையே மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு வளையம் தெரிந்தால் பறிக்கலாம். தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டும். வெண்கண்டலுக்கு வேறு சோதனை. காயைத் தண்ணீரில் ஊறவைத்தால் முதிர்ந்தது ஒரு நாளுக்குள் தோலைக் கழற்றிவிடும், பிஞ்சு கழற்றாது. மலையில் இப்படித் தெளிவான அடையாளங்கள் குறைவு. அங்கே உறுதியான சோதனை வேறொருவரின் வயிறு. இருவாச்சியோ பழுப்பு மரநாயோ தின்று வெளியேற்றிய விதை முதிர்ந்ததுதான் என்பதில் ஐயமில்லை. காட்டுக்குள் விழுந்ததை அள்ளினால் காட்டுக்குரியதைப் பறித்ததாகும் என்பதால், சாலையோரத்திலும் தோட்ட ஓரத்திலும் விழுந்து வண்டிச் சக்கரத்திலோ களைக்கொத்திலோ அழியப்போகும் விதைகளைப் பொறுக்குவது வால்பாறையில் வழக்கம். சேற்றுக்காட்டிலும் இதற்கு நிகர் உண்டு. ஓதம் கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய காய்கள். ஆனால் ஒதுங்கி வெயிலில் கிடந்தது எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாது. ஆகவே அனுபவசாலிகள் மரத்திலிருந்து பறிப்பதையே விரும்புகிறார்கள்.

எதிரிகளின் பட்டியலை நீட்ட வேண்டியதில்லை. மலையில் முள்ளம்பன்றி விதையைத் தோண்டித் தின்னும். கடமான் குருத்தைக் கடிக்கும். ஈரம் கூடினால் நாற்றழுகல் பூஞ்சை ஒரே இரவில் பாத்தியைப் படுக்கவைக்கும். சேற்றில் பூஞ்சைக்குப் பதில் நண்டு. நாற்றின் தண்டில் ஒட்டிக்கொண்டு எடையாலேயே அதைச் சாய்க்கும் கொட்டலசு. நண்டை ஏமாற்ற ஒரு பழைய உத்தி இருக்கிறது. பறித்த சுரபுன்னைக் காய்களைச் சில நாள் நிழலில் வாடவிட்டு நட்டால், பச்சைக் காய்க்கு இருக்கும் கவர்ச்சி நண்டுக்குக் குறைந்துவிடுகிறது. உலர்ந்தால் சாகும் விதையைச் சாகாத அளவுக்கு மட்டும் உலர்த்துவது எளிய கணக்கல்ல.

இனி நாற்றின் ஆரோக்கியத்துக்கு வருவோம். ஒப்பீடு எனக்கு மிகவும் சுவைத்தது இங்கேதான்.

அலையாத்திக் காட்டு மரங்கள் உப்பை விரும்புகின்றன என்று பலர் நம்புகிறார்கள். அவை உப்பைத் தாங்குகின்றன, விரும்பவில்லை. சற்றே உவர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெண்கண்டல் நாற்று மளமளவென்று வளரும். முழுக் கடல்நீரில் அதன் வளர்ச்சி மந்தம். மழைக்காட்டு மரங்கள் இருளை விரும்புகின்றன என்றும் அதேபோல ஒரு நம்பிக்கை. அவையும் இருளைத் தாங்குகின்றன, அவ்வளவே. நிழல்வலைக்குக் கீழே பாதி வெளிச்சமும் தவறாத தண்ணீரும் கிடைத்தால், காட்டின் தரையில் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் உயரத்தை அவை மாதங்களில் எட்டிவிடும். உப்பு சேற்று மரத்துக்கும், இருள் மலை மரத்துக்கும், போட்டியாளர்கள் வரத் துணியாத புகலிடம். தாயகம் என்று நாம் சொல்வது இவற்றுக்குச் சகித்துக்கொண்ட இடம்.

ஆகவே இரு நாற்றங்கால்களும் ஒரே சபலத்துக்கு ஆளாகின்றன: நாற்று விரும்புவதைக் கொடுத்தால் அது உயர்கிறது, உயர்ந்த நாற்று பார்ப்பவருக்குப் பிடிக்கிறது. நடுவிழாப் படங்களில் குட்டை நாற்றைக் கையில் பிடித்து நிற்கும் பிரமுகரைக் காண்பது அரிது. ஆனால் நடும் இடம் கேட்பது நாற்று எதைத் தாங்கும் என்பதை. உவர்ப்புக் குறைந்த தண்ணீரில் கொழுத்த வெண்கண்டல் நாற்று உவர்ச்சேற்றில் இறங்கியதும் இலையுதிர்த்து நிற்கும். நிழலில் நெடுநெடுவென்று போன மலைநாற்று, உண்ணிச்செடி அகற்றப்பட்ட திறந்த சரிவில் முதல் கோடையிலேயே கருகும்.

உலகெங்கும் நாற்றங்கால்காரர்கள் கையாளும் ஓர் அளவுகோல் உண்டு. நாற்றின் உயரத்தைச் சென்டிமீட்டரிலும் கழுத்துப் பருமனை மில்லிமீட்டரிலும் எடுத்து முன்னதைப் பின்னதால் வகுத்தால், விடை 6க்குக் கீழே இருப்பது நல்லது. மேலே போனால் நாற்று ஒல்லி. காற்றுக்கும் கோடைக்கும் நிற்காது. மலைநாற்றுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. சுரபுன்னையிடம் இது செல்லாது. அதன் தண்டில் பெரும்பகுதி தாய்மரம் முன்பே செய்து கொடுத்தது. ஒரு வகைச் சுரபுன்னையில் காயே ஒன்றரை அடிக்கு மேல் நீளம். அந்த உயரத்தில் நாற்றங்காலுக்குப் பங்கில்லை. அங்கே இலை ஜோடிகளை எண்ணுவதே ஒழுங்கான கணக்கு.

பழக்கும் முறையிலும் ஒற்றுமையும் வேற்றுமையும் பின்னிக் கிடக்கின்றன. மலையில் கடைசி மாதங்களில் நிழலைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள், தண்ணீரைத் தள்ளித் தள்ளி விடுகிறார்கள். சேற்றில் நல்ல தண்ணீரைக் குறைத்து உவர்நீரைக் கூட்டுகிறார்கள். பழக்குபவர் யார் என்பதுதான் வேறுபாடு. மலையில் மனிதர், வலையை விலக்க மறந்தால் பழக்கமே நடக்காது. ஓதம் ஏறி வற்றும் தாழ்வான கரையில் பாத்தி அமைத்தால், சேற்றில் அந்த வேலையைக் கடல் கூலியில்லாமல் செய்கிறது. ஆனால் கூலியில்லாத ஆளை நிறுத்தவும் முடியாது. பாத்தி ஒரு சாண் தாழ்ந்திருந்தால் ஓதம் நாற்றை மூழ்கடிக்கும்; ஒரு சாண் உயர்ந்திருந்தால் வந்து சேராது. இடத்தைத் தேர்ந்த நாளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது.

வேர் விஷயத்தில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. இரண்டிலும் பெரும்பாலும் அதே கறுப்புப் பாலித்தீன் பை, அதே துளைகள். பையில் நெடுநாள் நின்ற மலைநாற்றின் ஆணிவேர் அடியில் முட்டி வளைந்து சுருள்கிறது. நட்டபின்னும் அந்தச் சுருள் அவிழாது. மரம் பத்தாண்டு கழித்து வெளிப்பார்வைக்குக் காரணமின்றிச் சாயக்கூடும். சேற்று நாற்றின் வேர் துளை வழியே பாத்திக்குள் இறங்கிவிடுகிறது, தூக்கும்போது அறுகிறது. அதனால்தான் பைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைக்கச் சொல்கிறார்கள். வேரை உள்ளே முடக்குவதும் வெளியே பறிகொடுப்பதும் உரிய காலம் தாண்டிப் பையில் நின்ற நாற்றின் இரு முடிவுகள்.

உரிய காலத்தில் வெளியேற்றத்தானே வேண்டும் என்று கேட்கலாம். மலையில் அது எளிதன்று. காட்டிலுப்பை போன்ற மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. ஓராண்டு வாரிக் கொடுத்துவிட்டுப் பிறகு கைவிரிக்கும். விதையைச் சேமிக்க முடியாததால், காய்த்த ஆண்டின் நாற்றுகளை அடுத்தடுத்த மழைகளுக்கும் நிறுத்திவைக்கத் தோன்றுகிறது. நிறுத்தினால் வேர் கெடுகிறது. நிறுத்தாவிட்டால் நடும் இனங்களின் கலவையிலிருந்து அந்த மரம் விடுபடுகிறது. பெரிய பைக்கு மாற்றுவது ஒரு வழி, அதற்கு மண்ணும் இடமும் கூலியும் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை வளர்க்கும் நாற்றங்காலில் இந்த முடிவை இனத்துக்கு இனம் எடுக்க வேண்டியிருக்கிறது. சேற்றில் இத்தனை சிக்கல் இல்லை. பிச்சாவரத்தின் உண்மையான அலையாத்தி இனங்கள் ஒரு டஜனைச் சுற்றியே இருக்கும். முதன்மை இனங்கள் ஆண்டுதோறும் காய்க்கும். சுரபுன்னைக் காய்க்குப் பஞ்சம் வருவது குறைவு.

எந்த நாற்றை எங்கே நடுவது என்பதில் இரண்டின் கோலும் வேறு. மலையில் உயரம் நூற்றுக்கணக்கான மீட்டரில் பேசும். 700 மீட்டரில் செழிக்கும் மரம் 1,300 மீட்டரில் தடுமாறலாம். அதை அறிந்து நாற்றைப் பிரித்து அனுப்ப வேண்டும். சேற்றில் அதே கேள்வி சென்டிமீட்டரில் எழும். ஓதம் நாளில் எத்தனை நாழிகை நிற்கிறது என்பதை ஓரிரு சாண் மேடுபள்ளம் தீர்மானிக்கிறது. அதுவே எந்த இனம் பிழைக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. சுனாமிக்குப் பின் பெருமளவில் நடந்த நடவுகளை இலங்கையில் ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று இதற்குக் கசப்பான சான்று. பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர். தவறான மட்டத்தில் நட்டதும் நட்டபின் எட்டிப்பார்க்காததும் முக்கியமான காரணங்களாகச் சொல்லப்பட்டன. எவ்வளவு ஆரோக்கியமான நாற்றாலும் தப்பான மட்டத்தைச் சரிக்கட்ட முடியாது.

இந்த இடத்தில் நம் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிச்சாவரம் ஏன் சிதைந்தது? பல பத்தாண்டுகள் காட்டைக் கூறுபோட்டு முழுவதுமாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு நீரிழந்து அமிழ்ந்து குழியாயிற்று. குழியில் புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு மரங்களின் பொறுமையைத் தாண்டியது. மீட்டவர்கள் முதலில் செய்தது மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்தது. நாற்று அதற்கு அடுத்த படி. சேறு சரியானால் சுரபுன்னைக் காயைப் பை இல்லாமலே மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும். சிறு விதையுள்ள வெண்கண்டலுக்குத்தான், அலை அடித்துப் போகாமல் காலூன்றும் வரை, பை உண்மையில் உதவுகிறது. ஆகவே சேற்றுக்காட்டில் பெரிய நாற்றங்காலைக் கண்டால் முதலில் வாய்க்காலைப் பற்றி விசாரிக்க வேண்டும். நாற்றுகளின் எண்ணிக்கை, இடத்தை ஆராயாததை மூடும் போர்வையாகிவிடக்கூடும்.

வால்பாறையில் இந்த ஐயம் வேறு விதமாகத் தீர்ந்தது. அங்கும், களையை அகற்றினால் காடு தானே வந்துவிடாதா, நாற்று எதற்கு என்று கேட்க இடமிருந்தது. நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, நடாமல் விட்ட இடங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. மர அடர்த்தியிலும் இனங்களின் எண்ணிக்கையிலும் மரங்களில் சேர்ந்த கரிமத்தின் அளவிலும் நட்ட இடங்கள் முந்தியிருந்தன. பெருங்காட்டுக்கு அருகே இருந்த துண்டுகளைவிடத் தொலைவில் தனித்துக் கிடந்த துண்டுகளில் நடவின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பறவையும் விலங்கும் விதை கொண்டுவரத் தயங்கும் தூரத்தில் நாற்றங்கால் அவற்றின் வேலையை எடுத்துக்கொள்கிறது.

இதே வரியைச் சேற்றுக்காட்டின் பக்கம் நீட்டிப் பார்த்தால் அங்கே நாற்றங்காலுக்குரிய இடம் தெரியவரும்: ஓதம் தடையின்றி வந்து போகிறது, ஆனால் அது சுமந்துவரத் தாய்மரங்கள் அருகில் இல்லை. அத்தகைய கழிமுகங்களில் நாற்று வளர்ப்பது வால்பாறையின் தொலைதூரத் துண்டுகளில் வளர்ப்பதற்கு நிகரான நியாயம் உடையது. தாய்மரங்கள் சூழ்ந்த இடத்திலோ வாய்க்கால் வெட்டியபின் ஒரு காய்ப்புப் பருவம் பொறுத்திருந்து, ஓதம் எங்கெல்லாம் விதை போட்டிருக்கிறது என்று பார்த்து, வெற்றிடங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் பைகளை நிரப்பலாம். மலையில் இந்தப் பொறுமைக்கு வழியில்லை. காட்டிலுப்பை காய்த்த ஆண்டில் விதையைப் பொறுக்காமல் விட்டவர், அது மறுபடி எப்போது காய்க்கும் என்று மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.